முதுகு வலி: ஸ்கேன் தாள் சொல்வதும் உடம்பு சொல்வதும்

முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தவர் கைக்கு ஒரு தாள் வரும். ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’, ‘டீஜெனரேட்டிவ் மாற்றங்கள்’, ‘நரம்பு வேரில் லேசான அழுத்தம்’ என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அது நம் பேச்சுக்கு மாறிவிடும்: ஜவ்வு விலகிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது, நரம்பு நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் குனியவே அஞ்சுவார். குழந்தையைத் தூக்க மாட்டார். வலி போய்ப் பல வருடம் ஆன பிறகும் ‘எனக்கு முதுகில் தேய்மானம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருடைய வலி உண்மை. தாளில் இருப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்காமல் முதுகு வலியைப் பற்றி என்ன பேசினாலும் பயன் குறைவு என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் அது 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60, 80 வயதில் 84. திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலை நரைப்பதுபோல முதுகுக்குள்ளும் வயது தன் தடத்தைப் பதிக்கிறது. ஆகவே இன்று வலியோடு வருபவரின் ஸ்கேனில் ஒரு புடைப்பு தெரிந்தால், அது இந்த வலி வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அங்கே சும்மா இருந்திருக்கலாம்.

ஜவ்வு விலகுமா?

நமக்கு முள்ளெலும்புகள் 33. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, கீழ் முதுகில் 5. அவற்றுக்குக் கீழே உள்ளவை வளர்ந்தவர்களிடம் ஒன்றோடொன்று ஒட்டி, இடுப்புக்கு நடுவில் திருவெலும்பாகவும் நுனியில் வால் எலும்பாகவும் நிற்கின்றன. அசையும் எலும்புகளுக்கு இடையில் 23 டிஸ்குகள். பேச்சில் ஜவ்வு என்கிறோமே, அதுதான். ஒவ்வொன்றிலும் வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், நடுவே ஈரம் மிகுந்த பசைபோன்ற ஒரு பொருள். மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது கெட்டியாக ஒட்டியிருக்கிறது. தும்மினாலோ குனிந்தாலோ நழுவி வேறிடம் போக அதனால் முடியாது. நடக்கக்கூடியது இதுதான்: நார் வளையம் ஓரிடத்தில் பலவீனமாகி அல்லது கிழிந்து, உள்ளே இருக்கும் பசை அந்தப் பக்கமாகப் பிதுங்கும். ‘பிதுக்கம்’ என்பதே பொருத்தமான சொல். ‘விலகல்’ என்று கேட்டவருக்கு, யாராவது அதைத் தட்டி உள்ளே தள்ள வேண்டும் என்று தோன்றும். அப்படித் தள்ளிவைக்க முடியாது, தேவையும் இல்லை. ஏன் தேவையில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் இரத்தக் குழாய் கிடையாது என்று சொல்லலாம். வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. உணவும் ஆக்சிஜனும் மேல், கீழ் எலும்புகளிலிருந்து கசிந்துதான் உள்ளே வர வேண்டும். பகலில் உடல் பாரம் அழுத்த, டிஸ்கிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரவில் படுக்கும்போது மறுபடி ஊறுகிறது. மாலையில் நம் உயரம் காலையைவிட ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலே, குறைந்திருக்கும். காலையில் எழுந்த உடனே டிஸ்க் நீர் நிறைந்து விம்மியிருப்பதால் குனியும்போது அதன் மேல் விழும் இழுவை கூடுதல். நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்கள் காலை நேரத்தில் மட்டும் குனிவதைத் தவிர்த்தபோது அவர்கள் வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. காலையில் முதுகு பிடித்துக்கொள்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லாத வழி.

வலி எங்கிருந்து வருகிறது

கீழ் முதுகில் வலி தரக்கூடியவை பல. தசைகள், தசை நாண்கள், எலும்புகளுக்குப் பின்னால் உள்ள சிறு மூட்டுகள், டிஸ்கின் வெளி வளையம், இடுப்பெலும்போடு திருவெலும்பு சேரும் மூட்டு, அப்புறம் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள். இவற்றில் எது வலிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல, கீழ் முதுகு வலிக்காரர்களில் சுமார் 90 சதவீதம் பேரிடம் இன்றைய மருத்துவத்தால் முடிவதில்லை. ‘குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத முதுகு வலி’ என்று இதற்குப் பெயர். இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ‘இவ்வளவு வலிக்கிறது, ஒன்றுமில்லை என்கிறாரே!’ கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: எலும்பு முறிவு, புற்றுநோய், கிருமித் தொற்று போன்ற எதுவும் இல்லை, திசுக்கள் தாமாகவே ஆறும். வலி கற்பனை என்று அதற்குப் பொருளே இல்லை.

பழக்கமில்லாத கனத்தைத் தூக்குவது, தூக்கும்போது திரும்புவது, களைத்திருக்கும்போது செய்யும் வேலை ஆகியவை வலியைக் கிளப்பிவிடும். மணிக்கணக்காக ஒரே இருப்பில் உட்காருவது, தூக்கமின்மை, மன அழுத்தம், புகைப்பழக்கம், உடல் பருமன் இவையெல்லாம் வலிக்கு இடம் கொடுக்கும். ‘நிமிர்ந்து உட்கார்’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சரியான இருப்பு என்று எதுவும் நிறுவப்படவில்லை. நிமிர்ந்தோ சாய்ந்தோ, அதே இருப்பில் நெடுநேரம் இல்லாமல் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். டிஸ்க் தேய்வதைப் பொறுத்தவரை, பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் ஒரு எதிர்பாராத முடிவைத் தந்தன. ஒருவர் கடின உழைப்பாளி, இன்னொருவர் மேசை வேலைக்காரர் என்றாலும் இருவரின் டிஸ்குகளும் பெரிதும் ஒத்திருந்தன. வேலையைவிட பரம்பரையின் பங்கு அதிகம். ‘அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது’ என்று வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காலுக்கு இறங்கும் வலி

சிலருக்கு வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறம் வழியாக முழங்காலுக்குக் கீழே, பாதம்வரை, மின்சாரம் பாய்ந்ததுபோல ஓடும். முதுகைவிடக் கால்தான் அதிகம் வலிக்கும். இதுதான் சயாட்டிகா. பெரும்பாலும் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரைத் தொந்தரவு செய்வதால் வருவது. கீழ் முதுகில் ஏற்படும் டிஸ்க் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை, சுமார் 95 சதவீதம், கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் வருகின்றன.

இதன் கதை 1934-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், கிழிந்த டிஸ்க் நரம்பை அழுத்துவதாலேயே இந்தக் கால் வலி வருகிறது என்றும் அதை அறுவை சிகிச்சையால் தீர்க்கலாம் என்றும் எழுதினார்கள். பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன் பிறகு எல்லா முதுகு வலிக்கும் டிஸ்கையே குற்றவாளியாக நிறுத்தும் வழக்கம் வந்துவிட்டது. அந்த நிழல் இன்னும் நம் மேல் இருக்கிறது.

இப்போது தெரிந்திருப்பது, அழுத்தம் மட்டுமே காரணம் இல்லை என்பது. பிதுங்கிய பசை வேதிப்பொருள்களைக் கசியவிட்டு நரம்பு வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி தணிந்தால், ஸ்கேனில் பிதுக்கம் அப்படியே இருந்தாலும், வலி குறையலாம். பிதுக்கமும் நிலையானது கிடையாது. வெளியே வந்த பசையை உடல் அந்நியப் பொருளாக எண்ணி, அதன் துப்புரவு அணுக்கள் தின்று கரைக்கின்றன. தள்ளி வைக்கத் தேவையில்லை என்று முன்னே சொன்னது இதனால்தான். 2015-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வில், டிஸ்கிலிருந்து முற்றிலும் துண்டாகிப் பிரிந்தவற்றில் 96 சதவீதமும், வளையத்தைக் கிழித்து வெளியே வந்தவற்றில் 70 சதவீதமும், சிறிதாகத் துருத்தியவற்றில் 41 சதவீதமும், வெறும் புடைப்பாக இருந்தவற்றில் 13 சதவீதமும் தாமாகச் சுருங்கியிருந்தன. ஸ்கேனில் பார்க்க எது மிகப் பயங்கரமாக இருக்கிறதோ அதுதான் கரைவதற்கு அதிக வாய்ப்புள்ளது. ‘பெரிய துண்டு வெளியே வந்துவிட்டது’ என்று கேட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

வயதானவர்களுக்கு வேறொரு விதம் உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து, மரத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிவிடும். நரம்புகள் செல்லும் எலும்புக் குழாய் குறுகியிருப்பதன் அடையாளம் இது. முன்னால் சாயும்போது குழாய் சற்று அகலமாவதால் ஆறுதல் கிடைக்கிறது.

இளம் வயதில் தொடங்கும் ஒரு வலியைப் பற்றி எனக்கு உண்மையான கவலை. பொதுவாக 40 வயதுக்குள் மெதுவாக ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். காலையில் அரை மணிக்கு மேல் முதுகு இறுகிக் கிடக்கும். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். இரவின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைக்கும். சாதாரண வலிக்கு நேர்மாறான இந்த வடிவம் முதுகெலும்பின் அழற்சி நோயைக் காட்டுகிறது. ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்பது அதில் ஒன்று. எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடம் ஆகும் என்பதால் பலருக்குத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன; வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இங்கே மெல்லச் சொல்ல முடியாது. மலம் கழிக்கும் இடத்தையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போனால், இரண்டு கால்களும் பலமிழந்தால், அதே மணி நேரத்தில் அவசர சிகிச்சைக்குப் போங்கள். தண்டுவடம் கீழ் முதுகின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மயிர்போலத் தொங்குகின்றன. அந்தக் கற்றை நசுங்கினால் நேரம் போகப் போக இழப்பு நிரந்தரமாகும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் எப்படித் திரும்பினாலும் குறையாத வலி, விபத்துக்குப் பிறகு வருவது, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கோ எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கோ திடீரென்று வருவது, ஒரு பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இவையும் தாமதிக்கக் கூடாதவை. முதுகெலும்பில் காசநோய் வரும். 1779-இல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் அதை அழைக்கிறார்கள். மெதுவாகப் பரவும், சில சமயம் காய்ச்சலே இல்லாமல் வரும், மருந்தால் குணமாகும். சிறுநீரகக் கல், கணையம், வயிற்றின் பெரிய இரத்தக் குழாய் வீங்குவது என்று முதுகோடு சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் முதுகில் வலியாகத் தெரியலாம்.

மருத்துவர் என்ன தேடுகிறார்

நல்ல நோயறிதல் பெரும்பகுதி பேச்சில்தான் நடக்கிறது. எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இரவில் எப்படி, சிறுநீர் எப்படி, வேலையில் வீட்டில் என்ன நடக்கிறது? அப்புறம் கைகளால் சோதனை. மல்லாந்து படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கும்போது, 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வலி ஓடினால் நரம்பு வேர் எரிச்சலடைந்திருக்கலாம். கால் கட்டைவிரலை மேலே தூக்கப் பலமில்லை என்றால் ஐந்தாவது கீழ் முதுகு நரம்பு, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் முதல் திருவெலும்பு நரம்பு என்று பாதிப்பு எந்த மட்டத்தில் என்பதைப் படம் எடுக்காமலே ஊகிக்க முடியும்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுப்பதால் வலியோ செயல்பாடோ மேம்படுவதில்லை என்பது ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து உறுதியான விஷயம். எக்ஸ்ரேயில் டிஸ்கும் நரம்பும் தெரியாது. எலும்பு முறிவுக்கு அது போதும். எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவுவது ஆபத்தைச் சந்தேகிக்கும்போதும், அறுவை சிகிச்சையோ ஊசியோ போடும் முடிவை எடுக்கும்போதும்தான். அழற்சியோ தொற்றோ இருக்குமோ என்றால் இரத்தப் பரிசோதனை. ‘ஸ்கேன் எழுதித் தரவில்லை, அக்கறையே இல்லை’ என்று நினைக்க வேண்டாம். நன்றாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, இப்போது தேவையில்லை என்று சொல்லும் மருத்துவர் அக்கறையோடுதான் சொல்கிறார்.

படுப்பதா, நடப்பதா

முதுகு பிடித்துக்கொண்டால் படுக்கை என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக்கொடுத்த சிகிச்சை. 1995-இல் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழு வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர வேண்டும். சீக்கிரம் தேறியது மூன்றாவது குழுதான். தாங்க முடியாத முதல் ஓரிரு நாள் அவ்வப்போது படுத்தால் தவறில்லை. சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடமாட வேண்டும். நடக்கும்போது வலித்தால் ஏதோ கிழிகிறது என்று பொருள் இல்லை. பிடிப்பில் இருக்கும் தசை அசைக்கப்படும்போது வலிக்கத்தான் செய்யும்.

மருந்துகள் விஷயத்தில் சமீப வருடங்கள் பலவற்றைக் கலைத்துப்போட்டுவிட்டன. 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், புதிதாக வந்த கீழ் முதுகு வலிக்குப் பாராசிட்டமால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட விரைவாகக் குணப்படுத்தவில்லை. 2017-இல் சயாட்டிகாவுக்குப் பிரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்து சோதிக்கப்பட்டது. பலன் இல்லை, தலைச்சுற்றல் போன்ற தொல்லைகள் அதிகம். 2023-இல் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகளும் புதிய முதுகு வலிக்கு வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை என்று தெரிந்தது. இபுபுரூஃபன் போன்ற அழற்சி நீக்கிகள் ஓரளவு உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் மருத்துவரைக் கேட்டு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

நீண்ட நாள் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய தெளிவான விளக்கம், மனநல வழிச் சிகிச்சை, கையால் செய்யும் சில சிகிச்சைகள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. இடுப்புப் பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, ஓபியாய்டு ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. பலரும் நாள்தோறும் கட்டிக்கொண்டு அலையும் பெல்ட் அந்த இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. கல் போன்ற படுக்கைதான் நல்லது என்பதும் சரியில்லை. 2003-இல் 313 பேரிடம் சோதித்தபோது நடுத்தரக் கெட்டியான மெத்தையே மேலாக இருந்தது.

அறுவை சிகிச்சை அவசியமாகும் இடங்கள் உண்டு: குதிரை வால் நரம்புகள் நசுங்கும்போது, கால் பலம் நாளுக்கு நாள் குறையும்போது. வாரக்கணக்கில் தணியாத கடுமையான சயாட்டிகாவுக்கும் அது நல்ல வழிதான். 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த சோதனையில், உடனே அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் விட்டது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு அறுவைக்குப் போனார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு குழுக்களிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆகவே சீக்கிரம் வலி தீருவது ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவரே மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். கால் வலி இல்லாமல் முதுகு மட்டும் வலிக்கிறது, ஸ்கேனில் தேய்மானம் என்பதற்காக எலும்புகளைச் சேர்த்துப் பூட்டும் அறுவை சிகிச்சை வேறு விஷயம். அதற்கு முன் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

வலி மூன்று மாதத்தைத் தாண்டும்போது

புதிய முதுகு வலி பெரும்பாலும் சில வாரங்களில் பெருமளவு குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் நிற்காது. அந்த நிலையில் வலி, காயத்தின் அளவைக் காட்டும் கருவியாக இருப்பதில்லை. காற்றடித்தாலும் குரைக்கும் காவல் நாய்போல, நரம்பு மண்டலம் சின்ன அசைவுக்கும் எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. பயம், தூக்கமின்மை, வேலை போய்விடுமோ என்ற கவலை, மனச்சோர்வு இவை அந்த நாயைத் தூண்டிவிடுகின்றன. குனியப் பயந்து குனியாமலே இருந்தால் தசை பலமிழக்கும், அடுத்த முறை குனிவது இன்னும் வலிக்கும், பயம் இன்னும் ஏறும். வலி மூளையில் பதியும் விதத்தைப் பேசினால் ‘என் வலி மனசுல இருக்குன்னு சொல்றீங்களா?’ என்று புண்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. எல்லா வலியும், விரல் கதவிடுக்கில் நசுங்கும் வலிகூட, நரம்பும் மூளையும் சேர்ந்து உருவாக்குவதுதான். அதனால்தான் பயத்தைக் குறைப்பதும் தூக்கத்தைச் சரிசெய்வதும் உண்மையான சிகிச்சையாகின்றன.

சொல்லின் பலம் எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சாட்சி. 1997 முதல் அங்கே தொலைக்காட்சியில், முதுகு வலி வந்தால் முடங்காதீர்கள், இயங்கிக்கொண்டே இருங்கள், வேலைக்குப் போங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். மக்களின் நம்பிக்கை மாறியது, மருத்துவர்களின் நடைமுறையும் மாறியது. முதுகு வலிக்காகக் கேட்கப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. விளம்பரம் இல்லாத பக்கத்து மாநிலத்தில் அப்படி எந்த மாற்றமும் நடக்கவில்லை.

2020-இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியோடு இருந்தார்கள், 2050-க்குள் 84.3 கோடி ஆகும் என்பது மதிப்பீடு. இவர்கள் எல்லாருக்கும் விலையுயர்ந்த சிகிச்சை கிடைக்கப் போவதில்லை. ஒருமுறை வந்து போன வலி திரும்ப வருவதுதான் பெரிய தொல்லை என்பதால், 2024-இல் வெளியான ஒரு சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். அண்மையில் முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் வழிகாட்டலோடு படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது இலக்கு. வலி மறுபடி வருவதற்கான இடைவெளி, பயிற்சி பெறாத குழுவில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் முடிந்துவிட்டது. நடந்தவர்களில் அது 208 நாட்கள்.